உள்ளே போகும், ஒத்துக்கிடாது

காலித் துப்பாக்கி என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அவர் நம்பியதே இல்லை. யார் கொண்டுவந்து நீட்டினாலும் கையில் வாங்கமாட்டார். மேசையைக் காட்டுவார். மேசைக்கு அந்தப் பக்கம் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். குழல் அந்த மூட்டைகளைப் பார்த்திருக்கும்படி வைக்கச் சொல்வார். கொண்டுவந்தவர் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போன பிறகுதான் இவர் அருகே வருவார். ரிவால்வர் என்றால் திறந்து, உருளையில் இருக்கும் ஒவ்வொரு அறைக்குள்ளும் சுண்டுவிரலை விட்டு வாய்விட்டு எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஆறு வரைக்கும். பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆறு. நடுவில் தண்ணீர் குடிக்கத் திரும்பினால்கூட, வந்து முதலிலிருந்து தொடங்குவார். அந்த அறையில் அப்போது கொண்டுவந்தவரையும் எங்கள் இருவரையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் எண்ணும்போது அந்தச் சுண்டுவிரல் நடுங்கும்.

நாகர்கோவிலில் ஆயுதப்படை அலுவலகத்தில் நான் தட்டச்சராகச் சேர்ந்தபோது அவர் அங்கே ஆர்மரர். காவல்துறைத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதும், வழக்குகளில் பிடிபட்டவற்றைச் சோதித்துச் சான்று எழுதுவதும் அவர் வேலை. தலைமைக் காவலர் என்பதால் எல்லோருக்கும் ஏட்டையா. முதுகுக்குப் பின்னால் பேடி ஏட்டு. எங்கள் பக்கம் பேடி என்றால் பயம். துப்பாக்கியைக் கண்டு நடுங்கும் ஆளிடம் துப்பாக்கிக் கிடங்கைக் கொடுத்திருக்கிறார்களே என்று காவலர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நானும் சிரித்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் குடையைக்கூட யாரையும் பார்த்து நீட்டிப் பிடிக்கமாட்டார். கதவைப் பூட்டியாச்சு என்று யாராவது சொன்னால், "பாத்தியா, நினைச்சியா?" என்று கேட்பார். எதற்கும் அந்தக் கேள்விதான். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டாச்சு, கேஸ் அடுப்பை அணைத்தாச்சு, எதுவானாலும் பாத்தியா, நினைச்சியா. முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் நானே வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கத் தொடங்கினேன். பயம் ஒட்டிக்கொள்ளும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் மேசையில் ஒரு பலகை இருந்தது. அதில் மருந்து எடுத்துவிட்ட தோட்டாக்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்வதற்காக அவற்றை நான் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு, முப்பத்தெட்டு என்பதெல்லாம் தோட்டாவின் பருமனைச் சொல்லும் எண்கள். அதிலும் முப்பத்தெட்டு என்ற பெயரில் ஒன்றுக்கு மேல் உண்டு. பழைய ராணுவ ரிவால்வருக்கு உள்ளது குட்டையாக, சற்றுத் தடியாக இருக்கும். பிறகு வந்தது நீளமாக, ஒரு நூல் மெலிந்து இருக்கும். நீளமானது பழைய ரிவால்வரில் பாதி போய் நின்றுவிடும். அதை முழுசாக நுழைப்பதற்காக உருளையைக் கடைசலில் கொடுத்துக் குடைந்துவிடுகிற ஆட்கள் உண்டாம். அப்படிக் குடைந்த ஒன்றில் வெடித்த தோட்டாவின் பித்தளை உறையை அவர் எனக்குக் காட்டினார். பக்கவாட்டில் பிளந்து, உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி இருந்தது.

"பேரு ஒண்ணுதான் மக்கா, ஆளு வேற. உள்ள போவும், ஒத்துக்கிடாது" என்றார்.

அந்தச் சொல்லை அவர் தோட்டாவுக்கு மட்டும்தான் சொன்னார். மனிதர்களைப் பற்றி அவர் எந்தக் கருத்தும் சொல்லி நான் கேட்டதில்லை.

தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஒப்படைத்தாக வேண்டும். குலசேகரம் பக்கத்து ரப்பர் எஸ்டேட்காரர்கள், வங்கிக் காவலாளிகள், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் என்று வராந்தா நிறைந்துவிடும். அப்படி ஒரு தேர்தலின்போது அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு முன்னாள் ராணுவவீரர் வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து ரிவால்வரை எடுத்துக்கொண்டே, நான் இதைத் தொட்டு இருபது வருஷமாச்சு, காலி என்றார். ஏட்டையா வழக்கம்போல மேசையைக் காட்டினார். அந்தப் பெரியவருக்குக் கோபம். பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்த எனக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்.

ஏட்டையா திறந்து எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஐந்து வரவில்லை. நான் தட்டச்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். ஐந்தாவது அறையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். அது நிற்காமல் சாய்ந்தது. மறுபடி நிறுத்தினார்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மகளும் பேத்தியும் என்றார் பெரியவர். சத்தம் இறங்கியிருந்தது. பேத்திக்கு என்ன வயது என்று கேட்டார். ஏழு. இந்தப் பை எங்கே இருந்தது? பீரோவுக்கு அடியில்.

"உமக்க பேத்திக்கப் பேரு என்ன?"

பெரியவர் சொன்னார். ஏட்டையா பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் மையால் அந்தப் பெயரை எழுதினார். பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது அந்தப் பெயரையும் சேர்க்கவா என்று கேட்டேன். சேர் என்றார். பெரியவர் போகும்போது வாசலில் கழற்றிய செருப்பைப் போடாமலே போய்விட்டார். அன்று மதியம் ஏட்டையா சாப்பிடவில்லை. சோற்றைக் காக்கைக்குப் போட்டுவிட்டு, டிபன் பாத்திரத்தைக் கழுவி, கழுவியதை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் அவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினேன்.

அதற்கு அடுத்த வருடம் என் வீட்டுக்குள்ளேயே ஒரு துப்பாக்கி வந்தது.

தம்பி சவூதியிலிருந்து திரும்பி வந்து, தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகும் வழி யாருக்கு எவ்வளவு என்பதில் அவனுக்கும் பெரியப்பா மகனுக்கும் ஆறு மாதமாகத் தகராறு. ஒருமுறை தம்பி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான், அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். அப்படி இருக்கும்போதுதான் மச்சுப் பலகைகளைப் பிரித்த இடத்தில் மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடைத்தது. உள்ளே ரிவால்வர். எங்கள் தாத்தா பெரிய யுத்தத்தில் பர்மாப் பக்கம் லாரி ஓட்டியவர். திரும்பி வந்தபோது இதையும் கொண்டுவந்து மச்சில் ஒளித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமலே செத்துப்போயிருக்கிறார்.

அன்றைக்கே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் ஒன்றுமில்லை. தம்பி மூன்று நாள் வைத்துக்கொண்டான். என்னிடம் சொல்லவில்லை. கையில் பிடித்துப் படம் எடுத்து, நண்பர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இனி வழிப் பிரச்சினை தீர்ந்தது என்று கீழே எழுதினான். அது யார் யாருக்கோ போய், நாலாம் நாள் போலீஸ் வந்தது. ரிவால்வரும் ஒரு பிஸ்கட் டின்னில் ஐந்து தோட்டாக்களும் எடுத்ததாக மகஜர் எழுதினார்கள். சிறையில் நானும் அம்மாவும் பார்க்கப் போனபோது தம்பி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான். துப்பாக்கி மச்சில் கிடைத்தது உண்மை, தோட்டா எனக்குத் தெரியாது, அவர்களே வைத்துவிட்டார்கள் என்றான். அம்மாமேல் ஆணை அக்கா என்றான். நாங்கள் நம்பினோம்.

வக்கீல் எங்களுக்கு விளக்கினார். ராணுவம் பயன்படுத்திய தோட்டாக்கள் எந்தக் கைத்துப்பாக்கிக்குள் நுழைந்து வெடிக்குமோ, அது சாதாரண ஆள் வைத்திருக்கவே கூடாத வகை. உரிமமே கிடைக்காது. அப்படிப்பட்டது என்று முடிவானால் தண்டனை வருடக்கணக்கில் போகும். கூடவே தோட்டாவும் இருந்தது என்றால், சுடத் தயாராக வைத்திருந்தான் என்று ஆகும். எல்லாம் ஆர்மரர் எழுதுவதைப் பொறுத்தது என்றார். எந்த ஆர்மரர் என்று நான் கேட்கவில்லை. மாவட்டத்தில் வேறு யார்?

வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு முத்திரை வைத்த அந்தப் பார்சல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அறைக்கு வந்தது. மேலே எழுதியிருந்த குற்ற எண் எனக்கு மனப்பாடம். ஏட்டையா பார்சலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்க தம்பிக்கதா?"

தலையாட்டினேன்.

"இத நீ அடிக்கப்பிடாது. வெளிய போ மக்கா. கதவ சாத்திட்டுப் போ."

வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே நூல் அறுக்கும் சத்தம். பிறகு எண்ணுவது கேட்டது. ஆறு வரைக்கும், மறுபடியும் ஆறு வரைக்கும். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பின்வாசல் வழியாக, சுட்டுப் பார்க்கும் சோதனைக் குழிக்குப் போயிருக்கிறார் என்று, முதல் வெடி கேட்ட பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவர் வெளியே வந்தபோது கையால் எழுதிய தாள்களை உறையில் போட்டு ஒட்டியிருந்தார். என்னைக் கடந்து போனார். பார்க்கவில்லை.

அதிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அறிக்கைகளைக் கொடுப்பார், வாங்குவார். அந்த வழக்கின் இன்ஸ்பெக்டர் இரண்டு முறை வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் பேசினார். இன்ஸ்பெக்டருடைய சிரிப்பு மட்டும் வெளியே கேட்டது. ஒரு அதிகாரி வந்தால் எழுந்து நின்று, போகும்வரை உட்காராத மனிதர் இவர். பயந்த ஆள் யாருக்குப் பயப்படுவான் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போயிற்று. தட்டச்சு செய்யும்போது விரல்கள் தப்பின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அம்மாவிடம் சொல்லாமல், புதுக்கடைக்குப் பஸ் ஏறினேன். அவர் வீடு அங்கிருந்து உள்ளே நடக்கிற தூரம். அவர் மனைவி கட்டன்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"அது வெடிக்காதுன்னு எழுதினா போதும் ஏட்டையா. எழுபது வருஷம் மச்சுல கெடந்த சாமான். ஹாமர் நுனி உடைஞ்சு போச்சுன்னு எழுதுங்க. யாரு கேக்கப்போறா?" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் காலில் விழவும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் பதில் சொல்லாமல் வேறொரு கதையைச் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு மாவட்டம். அழிப்பதற்காக ஒதுக்கிய துப்பாக்கிகளில் ஒரு பெரிய பழைய ராணுவ ரிவால்வர் இருந்ததாம். நானூற்று ஐம்பத்தைந்து என்ற தோட்டாவுக்காகச் செய்தது. அந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு, அந்த விளிம்புதான் அதை அறையில் பிடித்து நிறுத்தும். அது எங்கும் கிடைப்பதில்லை என்று, யாரோ அந்த ரிவால்வர் உருளையின் பின்பக்கத்தை ராவி, விளிம்பில்லாத நாற்பத்தைந்து பிஸ்டல் தோட்டாவைப் பிறை வடிவத் தகட்டில் மாட்டிப் போடும்படி செய்திருந்தார்கள். பிஸ்டல் தோட்டா வெடிக்கும் அழுத்தம் அந்தப் பழைய இரும்பு தாங்கும் அழுத்தம் அல்ல. ஒரு இளம் அதிகாரிக்கு அதைச் சுட்டுப் பார்க்க ஆசை. இவர், வேண்டாம் சார் என்று ஒருமுறை சொன்னார். அதிகாரி தோட்டாக்களைப் போட்டு உருளையைச் சுற்றிக் காட்டி, வழுவழுவென்று உள்ளே போகிறதா இல்லையா என்று கேட்டார்.

"போவுது சார்னு சொன்னேன். பொய்யில்ல மக்கா. உள்ள போச்சு."

மூன்று வெடித்து ஒன்றும் ஆகவில்லை. நாலாவதில் உருளை வெடித்துத் தெறித்தது. அதிகாரிக்குக் கையில் காயம், அவ்வளவுதான். இடப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்த காவலர் இவரோடு பயிற்சி எடுத்தவர், இவருடைய ஊர்க்காரர். ஒரு கண் போயிற்று. இப்போதும் புதுக்கடைச் சந்தையில் வாழைக்குலை விற்கிறாராம். சந்தைக்குப் போனால் அவரைக் காணாமல் வரமுடியாது என்றார்.

"அண்ணைக்கி நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன். அதுல பிடிச்ச பேடி" என்று முடித்தார். பிறகு, "எழுதியாச்சு மக்கா. சீல் வச்சு அனுப்பியாச்சு. இனி எனக்க கையில ஒண்ணுமில்ல" என்றார்.

என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது அவரை மனதார வெறுத்தேன்.

தம்பிக்கு மூன்று மாதம் கழித்து ஜாமீன் கிடைத்தது. விசாரணை அடுத்த வருடம். ஏட்டையா சாட்சி சொன்ன அன்று நான் விடுப்புப் போட்டுவிட்டு நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூண்டில் ஏறும்போதே அவருக்கு நடுக்கம். கம்பியைப் பிடித்தார். கம்பியும் சேர்ந்து ஆடியது. யாரோ சிரித்தார்கள்.

அரசு வக்கீல், இந்தத் துப்பாக்கி வேலை செய்யுமா என்று கேட்டார்.

"செய்யும் ஐயா. சுட்டுப் பாத்தேன்."

எந்தத் தோட்டா?

"பட்டாளத்துக்க முப்பத்தெட்டு, குட்டையானது. அதுதான் இதுக்கு ஒத்துக்கிடும்."

எங்கள் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். முடிந்தது என்று அதற்கு அர்த்தம். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அரசு வக்கீல் திருப்தியாக உட்காரப்போனார். அப்போது ஏட்டையா, இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி அரசு வக்கீல் சொன்னார். ஏட்டையா கூண்டின் கம்பியை மறுபடியும் பிடித்துக்கொண்டார். பிறகு நீதிபதியைப் பார்த்து, "கூட வந்த தோட்டா இதுக்க இல்ல ஐயா" என்றார். சொன்னதையே மூன்று முறை சொன்னார்.

நீதிபதி காட்டச் சொன்னார். ஏட்டையா அங்கும் விடவில்லை. குழல் திரும்பும் பக்கத்தில் நின்றவர்களை நகரச் சொன்னார். இன்ஸ்பெக்டரும் அரசு வக்கீலும் நாற்காலியை இழுத்துக்கொண்டு நகர வேண்டியிருந்தது. ரிவால்வர் நடுவில் மடங்கித் திறந்தது. ஆறு அறையையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஐந்து தோட்டாவில் ஒன்றை, உயிருள்ளதா என்று பார்க்க முப்பத்திரண்டு ரிவால்வரில் போட்டுச் சுட்டுவிட்டதாகவும் மீதி நான்குதான் என்றும் சொன்னார். அந்த நான்கையும் ஒவ்வொன்றாக அறைக்குள் விட்டார். ஒவ்வொன்றும் உள்ளே வழுக்கி மறைந்தது.

எல்லாம் உள்ளே போகிறதே என்றார் நீதிபதி.

"உள்ள போவும் ஐயா, ஒத்துக்கிடாது. இது முப்பத்திரண்டு. இதுக்க விளிம்பே அந்த அறையவிடச் சின்னது. கீழ எறங்கிக் கெடக்கும். அடியில தட்டுத ஹாமர் எட்டாது, வெடிக்காது."

ரிவால்வரைக் கவிழ்த்தார். நான்கு தோட்டாவும் துணிமேல் விழுந்தன. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவற்றைப் பார்த்தார்.

தம்பி விடுதலையானான். தீர்ப்பில் நீதிபதி எழுதியிருந்ததை வக்கீல் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். இந்தச் சாட்சி, துப்பாக்கி வேலை செய்யும் என்பதை ஒளிக்காமல் சொன்னவர். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகப் பேச அவருக்குக் காரணமில்லை. ஆகவே தோட்டாவைப் பற்றி அவர் சொல்வதையும் நம்புகிறேன். துப்பாக்கியோடு பொருந்தாத தோட்டாவைத் துப்பாக்கியோடு எடுத்ததாகச் சொல்லும் மகஜர் முழுவதுமே சந்தேகத்துக்கு உரியது. வாட்ஸ்அப் படத்தில் இருப்பது இதே துப்பாக்கிதான் என்பதற்கும் சான்றில்லை. இப்படிப் போயிற்று. நான் கெஞ்சியது வக்கீலுக்குத் தெரியாது; துப்பாக்கி வெடிக்காது என்று அவர் பொய் எழுதியிருந்தால், வேறொரு நிபுணர் வந்து சுட்டுக் காட்டியிருப்பார், தம்பி உள்ளே போயிருப்பான் என்றார் வக்கீல்.

மறுநாள் அலுவலகத்தில் அவரிடம் நன்றி சொல்லப் போனேன். கையை உயர்த்தித் தடுத்தார். முகம் வெளுத்திருந்தது. சாதித்தவனின் முகம் இல்லை அது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் அவரைக் கிடங்கிலிருந்து எடுத்து வெளியூர்ப் பாதுகாப்புப் பணிக்கு அனுப்பினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. சில மாதத்தில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் போயிற்று. புதுவீடு முடிந்து, தம்பிக்குக் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்தது. ஞானஸ்நானச் சாப்பாடு முடிந்த மதியம், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் தம்பியும் மொட்டைமாடியில் நின்றோம். வழியில் பெரியப்பா மகன் ஸ்கூட்டரில் போனான். அவர்கள் வழக்கு இன்னும் முடியவில்லை. தம்பி அவனைப் பார்த்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னான்.

"அந்த அஞ்சும் நான்தான்க்கா வாங்கினேன். எஸ்டேட்டுல ஒரு கூட்டுக்காரன் தந்தான். போட்டுப் பாத்தேன், எல்லாம் உள்ள எறங்கிப் போச்சு. ஒத்துக்கிட்டிருந்தா…"

முடிக்கவில்லை. சிரித்தான். நல்ல சாப்பாடு சாப்பிட்டவனுடைய சிரிப்பு. கீழே குழந்தை அழும் சத்தம் கேட்டு இறங்கிப் போனான். அம்மாமேல் போட்ட ஆணை ஞாபகம் வந்தது. அதைவிட, அவன் முடிக்காமல் விட்டதுதான் காதில் நின்றது.

அடுத்த நாளே புதுக்கடைக்குப் போனேன். ஏட்டையா மெலிந்திருந்தார். கமுகில் படர்ந்த நல்லமிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மக்கா" என்றார்.

ரிவால்வரின் அறைகளுக்குள் தாத்தா வைத்த கிரீஸ் இருந்ததாம். எழுபது வருடத்துக் கிரீஸ், மஞ்சளாக, மெழுகு மாதிரி உறைந்தது. பார்சலைப் பிரித்தபோது அந்த ஐந்து தோட்டாவிலும் அதே கிரீஸ் ஒட்டியிருந்தது. உள்ளே போய் வந்த தோட்டாக்கள் அவை. வாங்கியவன் போட்டுப் பார்த்திருக்கிறான் என்று பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பாக்கெட்டுல லேஞ்சித் துணி கெடந்துது. எடுத்து அஞ்சையும் துடைச்சேன்" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"நீ வெளிய நிண்ணுட்டிருந்த."

மிச்சத்தையும் அவரே சொன்னார். துடைத்ததற்காக அவர் ஜெயிலுக்குப் பயப்படவில்லை. துடைத்த அன்றிலிருந்து அவருக்கு வேறொரு பயம். நீதிமன்றத்தில் எல்லோருக்கும் முன்னால், தம்பி நின்ற கூண்டுக்கு எதிரே, எந்தத் தோட்டா பொருந்தாது என்பதை அவரே காட்டிக்கொடுத்துவிட்டார். எது பொருந்தும் என்பதையும் பெயரோடு சொல்லிவிட்டார். அவன் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கூண்டிலிருந்து பார்த்தாராம்.

"அந்தத் துப்பாக்கி கவர்ன்மெண்டுக்கிட்டல்லா இருக்கு ஏட்டையா" என்றேன்.

"நாட்டுல அது ஒண்ணுதான் இருக்கா மக்கா?" கயிற்றைக் கீழே போட்டார். "இப்ப போ. அவன் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து, ஒரு எடம் விடாம பாரு. இண்ணைக்கே போ."

தம்பி அன்று மதில் கட்டுவதற்குச் சிமெண்ட் எடுக்கத் தக்கலைக்குப் போயிருந்தான். அம்மா பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருந்தாள். நான் அவன் அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில், பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையில், பழைய ஷூ பெட்டிகளில், மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில். சமையலறைக்குப் போய் அரிசி டின்னுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினேன். கையெல்லாம் அரிசி ஒட்டியிருக்க நிமிர்ந்தபோது, தம்பி பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"என்ன மைனி தேடுதிய?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், திறந்து கிடந்த டின்களைப் பார்த்தாள். திரும்பவும் கேட்கவில்லை. குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் முழங்காலிட்டு, கீழ்த்தட்டிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள்.